முப்பத்தைந்து தப்படி

26-10-69, ஞாயிறு. மழை.

இது போன வருட டைரி. டிரில் வாத்தியார் கொடுத்தது. அவர் எழுதியிருந்தது மூன்றே பக்கம். அதைக் கிழித்துக்கொண்டு மீதியை எனக்குத் தந்தார். அச்சடித்த கிழமை எல்லாம் தப்பு. அடித்துவிட்டு மேலே எழுதுகிறேன். அடித்து எழுதவும் தெரியும் இப்போது. வயது அறுபத்தாறு.

மாதப்பன். சி. மாதப்பன். சி. மாதப்பன்.

மகன் பெயர் கோவிந்தராஜ். அதை எழுதி முடிப்பதற்குள் வாயிலிருக்கும் வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. இனி கோ. டிரில் வாத்தியார் இனி டி.வா. கோபிக்க மாட்டார். சாயங்காலப் பள்ளியில் எனக்கு அ எழுதிக் கொடுத்ததும் அவர், சுருக்கி எழுதலாம் என்றதும் அவர்.

காலையில் ஏரிக்கரையில் ஓடும்போது விழுந்தேன். செம்மண் சேறு. முழங்கால் தோல் போயிற்று. துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள். விழுந்ததற்கு இல்லை, கிழவன் ஓடியதற்கு.

28-10-69, செவ்வாய். மழை விடவில்லை.

கோ. புளி மண்டியில் குமாஸ்தா. இன்று மண்டி குடோன் சாவி கொண்டுவந்து கொடுத்தான். மழை நிற்கும் வரை உள்ளேயே ஓடுங்கப்பா, காதர் பாயிடம் கேட்டுவிட்டேன் என்றான். காதர் பாய் முதலாளி. மாசியில் புதுப் புளி வரும் வரை குடோன் முக்கால்வாசி காலி.

என் மகன் எனக்காக ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறான். சாவியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஓடுவது ஏன் என்று எழுதி வைக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் ஊர்த் தலையாரி. மணியக்காரர் சொன்னால் ஓட்டம். வரி பாக்கி என்று ஓட்டம், கிணற்றில் பிணம் என்று ஓட்டம், சாவுச் சேதி சொல்ல ஓட்டம், தாசில்தார் வருகிறார் என்று ஓட்டம். வேலை விட்ட பிறகு மூன்று வருடம் உட்கார்ந்தேன். கால் வீங்கியது. போன சித்திரையில் ஒருநாள் யாரும் சொல்லாமலே ஓடிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் ஊர் மறக்காது. நான் ஓடுவதைப் பார்த்தால் சந்தைமேட்டில் யாராவது கேட்பார்கள்: "யாருங்க செத்தது?"

30-10-69, வியாழன். மழை.

குடோன் நீளம் முப்பத்தைந்து தப்படி. சுவர் வந்ததும் வலது கையை வைத்துத் திரும்ப வேண்டும். மறுபடி முப்பத்தைந்து. ஐம்பது தடவை போய் வந்தேன்.

உள்ளே: காய்ந்த தரை. விழ முடியாது. சிரிக்க ஆள் இல்லை. புளிப்பு நாற்றம், தொண்டை வரைக்கும். தரை பிசுபிசுப்பு, கால் வைத்தால் ஒட்டி ஒட்டி வருகிறது. தகரத்தில் மழை அடித்தால் என் மூச்சே எனக்குக் கேட்பதில்லை.

வெளியே: சேறு. சிரிப்பு. காற்று.

டி.வா. இப்படி இரண்டாகப் பிரித்து எழுதினால் முடிவு செய்வது சுலபம் என்பார். எழுதிவிட்டேன். முடிவு வானம் செய்கிறது.

12-11-69, புதன். மழை. தீபாவளி முடிந்தது. பலகாரம் மிச்சம்.

பள்ளியில் இன்று டி.வா. சொன்ன செய்தி. ஜனவரி 26 கொடியேற்றத்துக்குப் பிறகு ஹைஸ்கூல் மைதானத்தில் முதியோர் ஓட்டம். அறுபதுக்கு மேல். நூறு கெஜம். பெயர் கொடுத்தால் போதும். முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். பலகையில் என் பெயரை நானே எழுதினேன். இந்த ஊர் மைதானத்தில் எனக்காக ஓடப்போகிறேன். அதற்குமேல் ஒரு ஆசையும் இல்லை.

டீக்கடை ரங்கனும் பெயர் கொடுத்திருக்கிறான். அவன் பலகையில் எழுதவில்லை. டி.வா. எழுதினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

நூறு கெஜம் என்றால் குடோனில் மூன்று நீளம்.

காதர் பாய் வாசலில் நின்று நான் ஓடுவதைப் பார்த்தார். அவருக்கும் என் வயதுதான். "பெரியவரே, செக்கு மாட்டுக்காவது எண்ணெய் வரும். உங்களுக்கு என்னா வருது?" என்றார். வேர்வை வருதுங்க என்றேன். புளிக்கு வேர்வை ஆகாது, தள்ளி ஓடுங்க என்று சிரித்தார்.

30-11-69, ஞாயிறு. தூறல் மட்டும்.

குடோன் சுவரில் நான் கை வைக்கும் இடம் கறுத்துவிட்டது. அதற்குக் கீழே கரியால் சி. மாதப்பன் என்று எழுதினேன். அடியில் இரண்டு கோடு. கையெழுத்து என்றால் அடியில் கோடு வேண்டும். முன்பெல்லாம் கட்டை விரலில் மை தடவி மணியக்காரரே பிடித்து அழுத்துவார், கன்றுக்குட்டிக்குச் சூடு வைக்கிற மாதிரி.

பெருமழை விட்டுப் பத்து நாள் ஆகப்போகிறது. வெளியே போகட்டுமா என்று கோ.விடம் கேட்டேன். பனி வருகிறது, சளி பிடிக்கும், குடோனே நல்லது என்றான். மருமகள் சரோஜாவும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் ஒரே சொல். பேசி வைத்த மாதிரி.

20-12-69, சனி. பனி. மார்கழி.

சொல்லாமல் வெளியே போனேன். ஐம்பது நாளைக்குப் பிறகு.

தெரு முழுக்கக் கோலம். கால் வைக்க இடம் இல்லை. தாண்டித் தாண்டிப் போனேன். ஒரு பெண் தலை நிமிராமல் கேட்டாள், "என்னாங்க, யாரு வூட்ல சாவு?" எங்கும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு ஓடறீங்க, மெதிச்சுடப் போறீங்க" என்றாள்.

ஏரிக்கரை ஏறினேன். கரை காய்ந்து கெட்டியாக இருந்தது. ஓடினேன். முப்பத்தைந்தாவது தப்படியில் கால் நின்றுவிட்டது. வலது கை முன்னால் நீண்டது. எதிரே சுவர் இல்லை, ஏரிதான். திரும்ப ஓடினேன். மறுபடி முப்பத்தைந்து, மறுபடி நின்றேன். எண்ணாமல் ஓடிப் பார்த்தேன். மனம் எண்ணாவிட்டால் கால் எண்ணுகிறது.

இந்தக் காலுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பந்தயத்தில் முப்பத்தைந்தில் நின்றால் சனம் என்ன சொல்லும்? இனி தினமும் வெளியே. இருக்கிறது முப்பத்தாறு நாள்.

28-12-69, ஞாயிறு. குளிர்.

கோ.வுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போது ஆரம்பித்தான். பேத்தி சாந்திக்குத் தர்மபுரியில் ஒரு இடம் கூடி வருகிறது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் விசாரிக்க ஆள் அனுப்பலாம். என்னைப் பற்றி ரெவின்யூவில் இருந்தவர் என்று சொல்லியிருக்கிறானாம்.

ரெவின்யூ. பொய் இல்லை. அரசாங்க வரிக்குத்தானே ஓடினேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க ஓடினா ஊருக்கே தலையாரின்னு ஞாபகம் வருதுப்பா. நான் எவ்ளோ வருசமா அதை மறக்க வெக்கப் பாக்கறேன்."

சரோஜா குழம்பு ஊற்றினாள். போதும் என்று கை காட்ட மறந்துவிட்டேன். இலையில் ஓடிப்போயிற்று.

அப்படியென்றால் சாவி கொடுத்தது மழைக்காக இல்லை. அன்றைக்குச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் சொன்னது: சாந்தி விஷயம் முடியும் வரை ஊருக்குள் ஓடமாட்டேன். விடியுமுன் ஏரிக்கரை மட்டும். ஆனால் 26ஆம் தேதி ஓடுவேன். அதற்கு கோ. பதில் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன். குடோன் சாவியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

15-1-70, வியாழன். நல்ல வெயில். மாட்டுப் பொங்கல்.

அறுப்புக்காக சாயங்காலப் பள்ளி மூடல். பிப்ரவரியில்தான் திறப்பு.

ஏரிக்கரை தாண்டித் தார் ரோடு வரைக்கும் போனேன். ரோட்டில் கொள்ளுச் செடி பரப்பியிருந்தார்கள், பஸ் ஏறி மிதித்துக் காய் உடைய. சுற்றிப் போகப் பார்த்தேன். காவல் இருந்த பெரியவர் கூப்பிட்டு, "மேலயே ஓடுங்க, மெதிபடட்டும். பஸ்ஸு எப்ப வருமோ" என்றார். நான்கு தடவை போய் வந்தேன். கால் வழுக்கியது, விழவில்லை. நான் ஓடி ஒருவருக்கு உபயோகம். தலையாரி வேலையில் இப்படி ஒரு நாள் வந்ததாக ஞாபகம் இல்லை.

முப்பத்தைந்தில் கால் இன்னும் யோசிக்கிறது. நிற்பதில்லை, தயங்குகிறது. அரைத் தப்படி போகிறது அதில்.

20-1-70, செவ்வாய்.

நல்ல நாள். மண்டிக்குப் போயிருந்தேன். கோ. ஒரு தாளை நீட்டினான். ஓட்டத்து விஷயமாக ஸ்கூலில் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கப்பா என்றான். அவனே எழுதியிருந்தான். குமாஸ்தா எழுத்து, கொடி மாதிரி ஒன்றோடு ஒன்று பின்னி ஓடும். எனக்கு அச்சு எழுத்துதான் ஓடும். பின்னல் எழுத்துக்கு விரல் வைத்து, வாய்விட்டு, ஒவ்வொன்றாகப் போக வேண்டும். மண்டியில் நான்கு வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வாயசைக்கக் கூச்சம்.

காதர் பாய் கணக்குப் பெட்டியிலிருந்து தலை நிமிர்ந்தார். "படிச்சுட்டுப் போடுங்க பெரியவரே" என்றார்.

"எம் மவன் எழுதினதுதானுங்களே" என்றேன்.

ஒரே மூச்சில் போட்டேன். சி. மாதப்பன். அடியில் இரண்டு கோடு. வியாபாரிகள் பார்த்தார்கள். அட, தலையாரி கையெழுத்துப் போடுறாரே என்று ஒருவன் சொன்னான். பாய் மறுபடி கணக்கில் குனிந்தார். கோ. மை காயும் முன்பே மடித்துப் பையில் வைத்தான்.

என் பெயரை அவனே கொண்டுபோய்க் கொடுக்கிறான். மனம் மாறிவிட்டான்.

24-1-70, சனி. பனி குறைவு.

வேட்டி ஒன்று துவைத்து மடித்து வைத்தாயிற்று. தார் பாய்ச்சிக் கட்ட வேண்டும். செருப்பு வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டார் 26ஆம் தேதியே வருகிறார்களாம். லீவு நாள் அவர்களுக்கும் தோது. பதினோரு மணி பஸ். பஸ் நிற்பது ஸ்கூல் மைதானத்துக்கு எதிரே. ஓட்டம் பத்தரைக்கு. முடித்துவிட்டு வந்துவிடலாம். கோ.விடம் சொன்னேன். பார்க்கலாம் என்றான். முகம் கொடுக்கவில்லை.

26-1-70, திங்கள். வெயில்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். மெதுவாக.

பத்து மணிக்கு மைதானம். கொடி ஏற்றியாகிவிட்டது. யூனியன் கமிஷனர் நாற்காலியில். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ரங்கன் காலை உதறிக்கொண்டு நின்றான். இன்னும் ஐந்து பேர். நானும் போய்க் கோட்டில் நின்றேன்.

டி.வா. என்னைப் பார்த்து ஓடி வந்தார்.

"என்னாங்க, நெஞ்சு வலின்னு எழுதிக் குடுத்திருந்தீங்களே?"

எனக்குப் புரியவில்லை. நான் எழுதவில்லை என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். "உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதுங்களா? நான் சொல்லிக் குடுத்ததுதானே."

அங்கேயே விரல் வைத்துப் படித்தேன். வாயசைத்துத்தான். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். ஐயா, எனக்கு ஒரு வாரமாக நெஞ்சு வலி. ஓட இயலாது. என் பெயரை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே சி. மாதப்பன். இரண்டு கோடு. அழகாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பாய் சொன்னபோது படித்திருக்கலாம். கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

டி.வா. கமிஷனரிடம் போய்ப் பேசினார். நெஞ்சு வலி என்று எழுத்தில் இருக்கிறது, நாளை ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது, நலமாக இருக்கிறேன், என் பொறுப்பில் ஓடுகிறேன் என்று எழுதித் தந்தால் ஓடட்டும் என்று கமிஷனர் சொன்னாராம். அவருக்கு வேறொரு ஊரிலும் கொடி இருக்கிறது. அவசரம்.

டி.வா. பேனாவைத் திறந்தார். "நான் எழுதிடறேனுங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"வேண்டாங்க. நானே எழுதறேன்" என்றேன்.

"நேரமில்லீங்க."

"ஒருத்தர் எழுதினதுல போட்டது போதுங்க."

அவர் பேனாவைக் கொடுத்துவிட்டார். ஒரு நாற்காலியில் தாளை வைத்து மண்டி போட்டு எழுதினேன். எனக்கு நெஞ்சு வலி இல்லை. நெஞ்சு என்று எழுதும்போதே விசில் கேட்டது. ஒத்திகை என்று நினைத்தேன். நான் நலமாக. கூட்டம் கத்தியது. தலை நிமிரவில்லை, நிமிர்ந்தால் வரி கோணும். இருக்கிறேன். என் பொறுப்பில் ஓடுகிறேன். சி. மாதப்பன். கோடு. இரண்டாவது கோடு.

நிமிர்ந்தபோது ரங்கன் பரிசாக வந்த எவர்சில்வர் டம்ளரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான். கமிஷனர் ஜீப் கிளம்பிவிட்டது. டி.வா. என்னிடம் வந்தார். தாளை வாங்கி முழுக்கப் படித்தார். ஒரு தப்பும் இல்லைங்க என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோ. என்னைப் பார்த்ததும் எழுந்தான். தார் பாய்ச்சிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டே உள்ளே வந்தேன். எங்க அப்பா, ரெவின்யூவில் இருந்தாங்க என்றான். நாற்காலி காட்டினான். நான் கதவோரம் குந்தினேன். பழக்கம். வெளி ஆட்கள் முன்னால் எனக்கு அப்படித்தான் உட்கார வரும்.

மாப்பிள்ளையின் தகப்பனார் காபியைக் குடித்து முடிக்கும் வரை என்னையே பார்த்தார். சாந்தி வந்து நின்றாள், போனாள். பிறகு அவர் கோ.விடம் சொன்னார், மெதுவாகத்தான்.

"நான் இருபத்தஞ்சு வருசம் மணியம் பாத்தவனுங்க. தலையாரி எப்படி உக்காருவாருன்னு எனக்குத் தெரியாதா? இதுல மறைக்க என்னாங்க இருக்குது. பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது."

கோ. தரையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். ஒரு காலத்தில் இப்படி ஒரு மணியக்காரர்தான் என் கட்டை விரலைப் பிடித்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சாந்திக்காக வந்தது. எனக்காக வரவில்லை. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக என் நூறு கெஜம் போயிற்று.

அவர்கள் போன பிறகு கோ. என் பக்கத்தில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வந்தான். தாளை நீட்டினேன், நான் எழுதியதை. வாங்கிப் படித்தான். அவனுக்குப் படிக்க ஒரு நொடி. மடித்துத் திருப்பிக் கொடுத்தான். டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

27-1-70, செவ்வாய். பனி இல்லை.

காலையில் எழுந்தபோது குடோன் சாவி என் செருப்புப் பக்கத்தில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. பிறகு கோ. வாசலுக்கு வந்தான். "கல்யாணம் முடியற வரைக்கும் உள்ளயே ஓடுங்கப்பா. ஊருக்குத் தெரிய வேண்டாமே" என்றான். சம்பந்திக்குத் தெரிந்துவிட்டது. இனி ஊருக்காம். ஊருக்கு எப்போது தெரியாமல் இருந்தது?

அவன் மேல் கோபம் இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

சாவியை எடுத்துப்போய் மண்டியில் காதர் பாய் கையில் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. "மாசி பொறக்கப் போவுது, புளி வந்துடும். எப்படியும் கேட்டிருப்பேன்" என்றார். பிறகு, அன்னிக்கு நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும் என்றார்.

மண்டி வாசலிலேயே வேட்டியைத் தார் பாய்ச்சினேன். கடைகள் திறந்தாயிற்று. கடைவீதி நடுவே ஓடினேன். ரங்கன் கடைப் பலகையில் அந்த டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அவன் கும்பிட்டான். நிற்கவில்லை.

சந்தைமேட்டில் ஒருவன் கேட்டான், "யாருங்க செத்தது?"

"யாரும் சாவல. நாந்தான் ஓடறேன்" என்றேன்.

தார் ரோட்டில் கொள்ளு இல்லை, வாரிவிட்டார்கள். வெறும் ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. வலது கை தானாக எழுந்தது. முப்பத்துநான்கு. கையை இறக்கினேன். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு.